அட்டை முதலில், ஆஸ்பத்திரி பிறகு

(முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் பற்றிய கேள்விகள்)

கே: காப்பீடு என்றால் தவணை கட்ட வேண்டுமே, அதற்கு ஏது வசதி? (பெண்ணாடம்)
ப: உங்கள் தவணையை அரசே கட்டுகிறது. குடும்பத்தின் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் போதும். பட்டியலில் உள்ள சிகிச்சைகளுக்குக் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும்.

கே: உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது. இப்போது எதற்கு அட்டை? (இறையூர்)
ப: வெள்ளாற்றில் வெள்ளம் வந்த பிறகா கரையைப் பலப்படுத்துவோம்? வருமானச் சான்று, குடும்ப அட்டை, ஆதார் மூன்றோடும் கடலூர் ஆட்சியர் அலுவலகக் காப்பீட்டு மையத்துக்குப் போங்கள். மாவட்டத்தின் மேற்குக் கோடியிலிருந்து போய்வர ஒரு நாள் கூலி போகும். ஆகவே பதிவு முகாமை ஊருக்கே கொண்டுவரச் சொல்லி கிராம சபையில் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.

கே: காய்ச்சலுக்குப் போனேன், அட்டை செல்லாது என்றுவிட்டார்களே? (திட்டக்குடி)
ப: இதயம், சிறுநீரகம், புற்றுநோய் என்று குடும்பத்தையே கடனில் தள்ளும் நோய்களுக்கான அட்டை அது. காய்ச்சலுக்கு ஆரம்ப சுகாதார நிலையம் இருக்கிறது. அங்கே அட்டையும் வேண்டாம், காசும் வேண்டாம்.

கே: அரசு மருத்துவமனையில் எல்லாமே இலவசம். பிறகு ஏன் அட்டை கேட்கிறார்கள்? (சிதம்பரம்)
ப: உங்களிடம் வாங்க அல்ல, காப்பீட்டு நிறுவனத்திடம் வாங்க. உங்கள் சிகிச்சைக்கான தொகை அந்த அரசு மருத்துவமனைக்கே சேரும்; கருவிகளும் மருந்தும் வாங்க உதவும். நீங்கள் அட்டையை நீட்டினால் பக்கத்துக் கட்டில்காரருக்கும் நல்லது.

கே: தனியார் மருத்துவமனையில் முன்பணம் கேட்டால்? (விருத்தாசலம்)
ப: திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனை, அனுமதி கிடைத்த சிகிச்சை என்றால் கொடுக்காதீர்கள். 1800 425 3993 என்ற கட்டணமில்லா எண்ணை அழையுங்கள். கொடுத்துவிட்டீர்களா? ரசீதைப் பத்திரப்படுத்திக்கொண்டு அழையுங்கள்.

கே: சாலை விபத்து. கையில் அட்டை இல்லை. என்ன செய்வது? (கருவேப்பிலங்குறிச்சி)
ப: முதலில் 108. அட்டையைத் தேடி நேரத்தை இழக்காதீர்கள். 2021 டிசம்பரில் தொடங்கிய 'நம்மைக் காக்கும் 48' திட்டத்தில் முதல் 48 மணி நேர அவசர சிகிச்சைக்கு அட்டை தேவையில்லை.

கே: ஆட்சி மாறினால் திட்டம் போய்விடுமா? (பெண்ணாடம்)
ப: 2009இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டமாக வந்தது. 2012 ஜனவரி 11இல் இன்றைய பெயரில் விரிந்தது. 2018இல் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத்துடன் இணைந்தது. பெயர்ப்பலகை மாறியது, பலன் பெருகியது. மக்கள் கைவிடாத திட்டத்தை எந்த ஆட்சியும் கைவிடாது.

கே: நம் ஊருக்கும் மருத்துவத்துக்கும் ஏதாவது தொடர்பு உண்டா? (பெண்ணாடம்)
ப: நம் ஊர்ச் சிவன் கோயிலான தூங்கானைமாடத்துக்கு வந்து தோளில் சூலக்குறியும் இடபக்குறியும் பெற்றார் நாயனார் அப்பர். அதற்கு முன் சூலை நோயால் துடித்தபோது அவர் ஓடியது திருவதிகையில் இருந்த அக்கா திலகவதியாரிடம். நோயாளிக்கு முதலில் வேண்டியது, 'வா, நான் இருக்கிறேன்' என்று சொல்ல ஓர் ஆள். அப்படி அக்கா இல்லாதவருக்கு அரசுதான் அக்கா.