அட்டவணைக்கு நூற்றுக்கு நூறு

எங்கள் வீட்டில் ப்ளஸ் டூ பரீட்சை எழுதப்போவது மகள். அதற்குத் திட்டம் போடுவது நான். இதில் எனக்குத்தான் வேலை ஜாஸ்தி.

ஃப்ரிட்ஜ் கதவை மறைத்துக்கொண்டு தொங்கும் சார்ட் என் கைவண்ணம். கணக்குக்குப் பச்சை, இயற்பியலுக்கு நீலம், வேதியியலுக்கு ஆரஞ்சு. பொறியியல் கட் ஆஃப் 200-இல் கணக்குக்கு மட்டும் 100, மற்ற இரண்டுக்கும் ஐம்பது ஐம்பது. ஆகவே பச்சையின் பரப்பு நீலத்தைப் போல இரண்டு மடங்கு. சந்தேகமிருந்தால் ஸ்கேல் வைத்து அளந்துகொள்ளலாம். கட் ஆஃபில் இடமில்லாத தமிழுக்கு ஞாயிறு மதியம், பிரியாணிக்குப் பிறகு அரை மணி.

'மன அழுத்தம் குறைத்தல்: 6.10 முதல் 6.20 வரை' என்றும் ஒரு கட்டம் உண்டு. அதைப் பார்த்த பிறகுதான் பிள்ளைக்கு மன அழுத்தமே வந்தது என்கிறாள் மனைவி. அந்தப் பத்து நிமிஷத்தை எந்தெந்தப் பாடத்திலிருந்து பிடுங்கினேன் என்று அவளுக்கென்ன தெரியும்?

1980-களின் கடைசியில் ஃபிரான்செஸ்கோ சிரில்லோ என்ற இத்தாலி மாணவர், தக்காளி வடிவச் சமையலறை டைமரை முடுக்கிவைத்துப் படித்தாராம். 25 நிமிஷம் படிப்பு, 5 நிமிஷம் ஓய்வு. தக்காளி டைமருக்கு நான் எங்கே போக? குக்கரை நியமித்தேன். மூன்று விசில் வரும்வரை மின்காந்தத் தூண்டல். துவரம்பருப்பு குழைந்துவிட்டது, லென்ஸ் விதிதான் வேகவில்லை.

கனடாவில் ரோஜர் ப்யூலரும் கூட்டாளிகளும் 1994-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றை மனைவி கண்டுபிடித்து நீட்டினாள். ஆய்வேட்டை முடிக்கச் சராசரியாக 34 நாள் ஆகும் என்றார்களாம் மாணவர்கள். எல்லாமே சொதப்பினால்? 49 நாள். ஆனதோ 55-க்கும் மேல்! இதைப் படித்தாவது இந்த மனுஷன் சார்ட்டைக் கிழிப்பார் என்று எதிர்பார்த்தாள் பாவம். நான் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பி, தாமதங்களுக்கென்றே இன்னொரு சார்ட் வாங்கி வந்தேன்.

செவ்வாய்க்கிழமை கரண்ட் போனது. திரும்பி வந்தபோது மகள் மொட்டைமாடியிலிருந்து இறங்கினாள், கையில் செல்போன் டார்ச்சும் வேதியியல் புத்தகமும்.

"அப்பா, மின் வேதியியல் முடிச்சிட்டேன். புக் பேக் உட்பட."

"ஏம்மா, அது வியாழக்கிழமைப் பாடமாச்சே!"

இப்போது வியாழனை வெள்ளைக் காகிதம் ஒட்டி மறைக்க வேண்டும், அடுத்த வாரம் முழுவதையும் இரண்டு நாள் முன்னால் இழுக்க வேண்டும். ஆரஞ்சு ஸ்கெட்ச் வேறு காய்ந்து கிடக்கிறது. ஸ்டேஷனரி கடை ஒன்பது மணி வரை திறந்திருப்பான்.