மெதுவாகச் சுற்றும் மச்சான்

டிசம்பர் பிறந்தால் தூத்துக்குடியில் கிறிஸ்துமஸ் குடில் கட்டும் வாலிபர்களுக்குத் தூக்கம் போய்விடும். வைக்கோல், களிமண், சீரியல் லைட், சுற்றிவர ஒரு பொம்மை ரயில். போதாதென்று யாராவது ஒரு காற்றாலையும் நட்டுவைப்பார். அது நிமிடத்துக்கு நூறு சுற்று சுற்றும். நிஜக் காற்றாலை அந்த வேகத்தில் சுற்றினால் இறக்கைகள் கயத்தாறில் புறப்பட்டுக் கோவில்பட்டியில் போய் இறங்கும். பெத்லகேமில் காற்றாலை ஏது என்று கேட்பவருக்குக் குடில் குழுவில் இடம் கிடையாது.

இந்த ஆசை டிசம்பரோடு அடங்காமல், வருடம் முழுக்கக் கொல்லையில் தண்டவாளம் போடும் அளவுக்கு முற்றினால் அதுதான் தோட்ட ரயில். 1968-இல் ஜெர்மனியின் நியூரம்பெர்க்கில் எல்.ஜி.பி. என்ற பெயரில் வெயில் மழை தாங்கும் ரயில்கள் விற்பனைக்கு வந்தன. தண்டவாள அகலம் 45 மில்லிமீட்டர். ரயில், நிஜத்தில் 22.5-இல் ஒரு பங்கு. பெருக்கிப் பாருங்கள், ஒரு மீட்டர் வருகிறது. 1876-இல் தூத்துக்குடிக்கு வந்த தென்னிந்திய ரயில்வே பாதையும் மீட்டர்கேஜ்தான். கொழும்புக் கப்பலுக்கு ஆள் ஏற்றிவந்த அந்த ரயிலைக் கொல்லையில் ஓடவிட ஜெர்மன்காரர்களே அளவெடுத்துக் கொடுத்ததுபோல் ஆயிற்று.

ரயில் ஓடிவிடும். பாதையோரப் பொம்மைக் கிரேன் ஏன் சும்மா நிற்கிறது என்று பக்கத்து வீட்டுப் பொடியன் கேட்கும்போதுதான் ஏழரை ஆரம்பம்.

மோட்டாருக்கு வேகமாகச் சுற்றத்தான் தெரியும். வோல்டேஜை ரொம்பக் குறைத்தால் முனகிவிட்டு நின்றுவிடும். மெதுவாகச் சுற்ற, பல்சக்கரப் பெட்டியோடு சேர்ந்த மோட்டார் வேண்டும். அப்படி ஒன்று பல வீடுகளில் ஏற்கெனவே இருக்கிறது: மைக்ரோவேவ் அடுப்பின் கண்ணாடித் தட்டுக்கு அடியில், நிமிடத்துக்கு ஐந்தாறு சுற்று. அடுப்பு பழுதாகும்வரை காத்திருந்து கழற்றுவதே தர்மம். ஆனால் இந்த வகை மோட்டாருக்கு ஒரு குணம் உண்டு. மின்சாரம் வந்ததும் வலமா இடமா என்பதை அதுவே அந்த நேரத்தில் முடிவு செய்யும். பொம்மைக் கலங்கரை விளக்குக்கு இது பொருட்டில்லை. செக்கிழுக்கும் பொம்மை மாடோ ஒருநாள் முன்னால் நடக்கும், மறுநாள் பின்னால் நடந்து எண்ணெயை எள்ளாக்கும். போதாக்குறைக்குப் பலவற்றில் 220 வோல்ட். ஈரத் தோட்டத்தில் விளையாட்டு வேண்டாம். 12 வோல்ட்டே உத்தமம்.

அடுப்பைக் கழற்றினால் வீட்டில் சண்டை நிச்சயம். இங்கிலாந்தின் பீகன்ஸ்ஃபீல்டில் 1929-இல் திறந்த பெக்கன்ஸ்காட் குட்டி ஊர் பிறந்த கதையும் வீட்டுச் சண்டைதான் என்பார்கள். ஒன்று ரயில் வெளியே போக வேண்டும், இல்லாவிட்டால் தான் போவதாக மனைவி சொல்ல, ரோலண்ட் காலிங்கம் ரயிலைத் தோட்டத்துக்கு மாற்றினாராம். மனிதர் சரியாகத்தான் முடிவெடுத்திருக்கிறார், அதுவும் கொஞ்சம் யோசித்துத்தான் எடுத்திருப்பார்.

தூத்துக்குடிக்காரர் அசையும் பொம்மை செய்தால் முத்துக்குளிப்பவரை விட்டு வேறென்ன செய்வார்? இங்கே கடைசி முத்துக்குளிப்பு நடந்தது 1961-இல். கல் கட்டிய கயிற்றைப் பிடித்து விர்ரென்று இறங்குவார்கள்; ஒரு நிமிடம்போல் சிப்பி பொறுக்குவார்கள்; தோணியில் இருப்பவர் இழுக்க மேலே வருவார்கள். கயிறு பிடிக்கும் வேலையை மச்சானிடம்தான் ஒப்படைப்பார்களாம். கூடப் பிறந்தவளின் தாலி அந்தக் கயிற்றில் தொங்குவதால் அவர் கண்ணயர மாட்டார். பொம்மையில் அந்த மச்சான் வேலை மோட்டாருக்கு. மைக்ரோவேவ் மோட்டாரை வைத்தால் ஆள் பன்னிரண்டு நொடிக்கு ஒருமுறை, டம்ளரில் முக்கியெடுக்கும் டீத்தூள் பையாக மேலும் கீழும் போய்வருவார். இரண்டு நிமிடத்துக்கு ஒரு சுற்று சுற்றும் மோட்டாரும், விளிம்பு கோணலாக வெட்டிய ஒரு தட்டும் வேண்டும். விளிம்பில் செங்குத்தாகச் சரியும் இடம் இறங்க. பாதிச் சுற்றுக்கு ஏற்ற இறக்கமில்லாத இடம் அடியில் தங்க. மீதிச் சரிவு ஏற. பிளாஸ்டிக் காய்கறிப் பலகையில் வெட்டலாம், வீட்டில் கேட்டுவிட்டு. இத்தனை பாடுபட்டபின், பார்க்க வந்த விருந்தாளி தண்ணீரையே வெறித்துவிட்டு "ஒண்ணையும் காணோமே" என்று காபி குடிக்க உள்ளே போவார். அவர் முதுகைக் காட்டியதும் ஆள் மேலே வருவார்.

நிஜத்தை ஒட்டிப் போனால் இதுதான் கதி. பாம்பன் ரயில் பாலத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 1914-இல் திறந்த பழைய பாலத்தின் ஷெர்சர் தூக்குப் பகுதியை ஆட்கள் கையால் சுற்றித் திறந்தார்கள். 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாலத்தில் 72.5 மீட்டர் நீளப் பகுதி, மோட்டார் இழுக்க, 17 மீட்டர் உயரத்துக்குச் சுமார் ஐந்து நிமிடத்தில் செங்குத்தாக ஏறுகிறது. தோட்ட அளவில் அது 3.2 மீட்டர் பாலம், 75 சென்டிமீட்டர் ஏற்றம். நொடிக்கு இரண்டரை மில்லிமீட்டர். நிமிடத்துக்கு ஒரு சுற்று சுற்றும் மோட்டாரில் ஐந்து சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் குறைந்த விட்டமுள்ள உருளையை மாட்டி நூலைச் சுற்றினால் கணக்கு கச்சிதம். எடைக்கு எடை கட்டித் தொங்கவிடுவதை மறந்தால் அந்தப் பொடி மோட்டார் பாலத்தை அசைக்காது. பாம்பனிலும் எதிர்எடை உண்டு.

காயலான் கடையில் பழைய கார் வைப்பர் மோட்டார் கிடைக்கும். முரட்டுப் பலம். ஆனால் அதுவும் நிமிடத்துக்கு நாற்பது ஐம்பது சுற்று என்பதால் மேலும் ஒரு பல்சக்கரம் சேர்க்க வேண்டும். அதைச் சேர்ப்பதற்குள் உப்புக்காற்று வேலையைத் தொடங்கியிருக்கும். உப்பளத்து ஊரில் கிரீஸ் டப்பா இல்லாத தோட்ட ரயில் அடுத்த மழைக்குள் சிலையாகிவிடும்.

மோட்டாரே வேண்டாத அசல் துறைமுகக் காட்சி ஒன்று பாக்கி இருக்கிறது: உள்ளே வர முறை வருமென்று வெளிக்கடலில் நங்கூரமிட்டுக் காத்திருக்கும் சரக்குக் கப்பல். துல்லியமாக நிற்கும். 200 மீட்டர் கப்பல் தோட்ட அளவில் ஒன்பது மீட்டர் என்பதால் சுவரில் வரைவதே வழி. அதற்குப் போதிய நீளமுள்ள சுவரோ பக்கத்து வீட்டுக்காரருடையது. அவரிடம் பேச்சுவார்த்தை நடந்துகொண்டிருக்கிறது.