பதின்மூன்று அங்குலம் போதும், அத்தான்

எல்வெரும், நோர்வே
மார்ச் மாதம்

அன்புள்ள அத்தானுக்கு,



நான் விறகு அரிகிற படத்தைப் பார்த்துவிட்டு அம்மா கண்கலங்கினதாக அக்கா போனில் சொன்னா. "நோர்வேக்கு அனுப்பினது விறகு கொத்தவோ?" என்று கேட்டாவாம். நீங்கள் மரக்காலை நடத்துகிற மனிதர், உங்களுக்கு விளங்கப்படுத்தினால் நீங்கள் அம்மாவுக்கு விளங்கப்படுத்துவீர்கள். அதோடு, எந்தச் செயின்சோ நல்லது, ஒன்று அனுப்ப ஏலுமோ என்றும் கேட்டிருந்தீர்கள். இரண்டுக்கும் சேர்த்தே பதில் எழுதுகிறேன். நீளும். தேத்தண்ணியை ஊற்றி வைத்துக்கொண்டு வாசியுங்கள்.

முதலில் அம்மாவின் கேள்வி. இந்த நாட்டு மின்சாரத்தில் பெரும் பங்கு தண்ணீரிலிருந்து வருகிறது. மலைக்கு மலை அணைக்கட்டு. ஆனாலும் வீட்டுக்கு வீடு இரும்பு அடுப்பு நிற்கும். எங்கள் பக்கம் மாரியில் சைபருக்குக் கீழே 25 பாகை போவது புதினமில்லை. அந்த நேரத்தில் மின்சாரம் நின்றால் விறகுதான் கதி. 2021-இன் கடைசியில் மின்கட்டணம் எகிறின பிறகு விறகுக்கு மவுசு இன்னும் கூடிவிட்டது.

ஆனால் இதையும் மறக்காமல் சொல்லுங்கள், நோர்வேக்காரருக்கு விறகு ஒரு பக்தி. லார்ஸ் மிட்டிங் என்ற எழுத்தாளர் 2011-இல் விறகு வெட்டுவது, அடுக்குவது, காயவைப்பது பற்றியே ஒரு முழுப் புத்தகம் எழுதினார். சனம் அள்ளிக்கொண்டு போனது. 2013 பெப்ரவரியில் அரச தொலைக்காட்சி ஒரு வெள்ளிக்கிழமை இரவு முழுக்க, 12 மணித்தியாலம், விறகு நிகழ்ச்சி போட்டது. அதிலே எட்டு மணித்தியாலம் ஒரு அடுப்பில் நெருப்பு எரிவதை மட்டும் காட்டினார்கள். பார்த்த சனம் குறுஞ்செய்தி அனுப்பிச் சண்டை பிடித்தது. விறகைப் பட்டை மேலே பார்க்க அடுக்கினது பிழை என்று பாதிப்பேர், கீழே பார்க்க அடுக்கினது பிழை என்று மற்றப் பாதிப்பேர். கோயில் நிர்வாகக் கூட்டத்துக்குப் போய்ப் பழகின எனக்கு அன்றைக்குத்தான் இது என் நாடு என்ற எண்ணம் வந்தது.

இனி மெசின் கதை. நான் எரிப்பது பேர்ச் மரம். வெள்ளைப் பட்டை, நல்ல சூடு. காடு வைத்திருக்கிறவர்கள் ஐதாக்குவதற்காகத் தறிக்கிற மரத்தை நீளத் தடியாகவே முற்றத்தில் கொண்டுவந்து போடுவார்கள். தடித்ததே 25 சென்ரிமீற்றர் வராது. அதை அடுப்பு வாய்க்கு ஏற்ப 30 சென்ரிமீற்றர்த் துண்டாக அரிய வேண்டும். உடனே பிளக்கவும் வேண்டும். பேர்ச்சின் பட்டை ஈரத்தை வெளியே விடாது, முழுசாக விட்டால் உள்ளுக்குள் உக்கிப்போகும். மாரி முடிவில் அரிந்து பிளந்து, கோடை முழுக்கக் காற்றுப்பட வைத்து, ஈரம் 20 வீதத்துக்குக் கீழே வந்த பிறகு அடுத்த மாரிக்கு எரிப்பது. வேலை இவ்வளவுதான்.

இந்த வேலைக்கு எந்த மெசின் என்று ஒஸ்லோக் கோயிலில் வாய் தவறிக் கேட்டுவிட்டேன். அன்னதான வரிசை முழுக்க ஆலோசனை. "எடுக்கிறதெண்டால் பெரிசாய் எடு, 70 சிசிக்குக் குறையாதை" என்றார் ஒரு அண்ணை. அவர் இருப்பது நாலாம் மாடியில், அவர் வீட்டில் மரமென்று இருப்பது கருவேப்பிலைச் சாடி ஒன்று. இன்னொருவர் அலகு 20 அங்குலமாவது இருக்க வேண்டும் என்று நின்றார். ஏனென்று கேட்டதற்கு, "பார்க்க ஒரு எடுப்பு வேண்டாமே?" என்றார். மரத்தின் பருமனைப் பார்த்து வாங்க வேண்டிய சாமானை எங்கள் ஆட்கள் மீசையின் பருமனைப் பார்த்து வாங்குகிறார்கள்.

கடைக்காரப் பெடியன் நல்லவன். மீசையைப் பார்க்கவில்லை, மூன்று கேள்விதான் கேட்டான்: மரம் எவ்வளவு தடிப்பு, வருசத்துக்கு எவ்வளவு எரிப்பீர்கள், அரிவது காட்டிலா வீட்டிலா? பிறகு மூன்று வகையையும் மேசையில் வைத்தான்.

வயர் மெசின் மலிவு, பாரமில்லை, செருகினால் ஓடும். ஆனால் வயர் போகிற தூரம்தான் உங்கள் ராச்சியம். அதோடு வயரையே அரிந்துபோடாமல் பார்க்க ஒரு கண் வேண்டும்.

பெற்றோல் மெசினைக் காட்டுக்குள் எங்கேயும் கொண்டுபோகலாம், நாள் முழுக்க ஓடும். வீட்டு விறகுக்கு 40 சிசி தாராளம். ஆனால் இரண்டடிப்பு எஞ்சின், ஐந்து லீற்றருக்கு ஒரு டெசிலீற்றர் எண்ணெய் கலக்க வேண்டும். கலந்ததை மாதக்கணக்கில் மறந்து விட்டால் அடுத்த முறை கயிறு இழுத்துத் தோள்மூட்டு கழலும். இங்கே பலர் அல்கைலேற் என்ற சுத்தமான பெற்றோலைக் கலந்தபடியே வாங்குகிறார்கள். புகை நச்சு குறைவு, வைத்தாலும் இலகுவில் பழுதாகாது. விலையைக் கேட்டால்தான் தலை சுற்றும்.

பற்றரி மெசினுக்குப் புகையுமில்லை, கயிறுமில்லை. விசையை விட்டால் சத்தம் நிற்கும். ஒரு பற்றரியில் எவ்வளவு அரியலாமோ அவ்வளவுதான் வேலை. கடுங்குளிரில் பற்றரிக்குச் சோம்பல் பிடிக்கும் என்பதால் அதை வீட்டுக்குள், சூட்டில் வைக்க வேண்டும். எங்கள் வீட்டு வரவேற்பறையில் வசதியான இடம் இப்போது அதற்குத்தான்.

முடிவு சொன்னது பக்கத்து வீட்டுக் கிழவர். காலமெல்லாம் காட்டில் மரம் தறித்தவர், கொட்டிலில் பெற்றோல் மெசின்கள் வரிசையாகத் தொங்கும். வேலிக்கு மேலால் என் தடிக் குவியலைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "உனக்குப் பற்றரி" என்றார். அது புத்திமதியா, என் உடம்பைப் பற்றின அபிப்பிராயமா என்று கேட்க எனக்குத் துணிவு வரவில்லை. அதற்கு மேல் ஒன்றுதான் சொன்னார்: "பதின்மூன்று அங்குலம் போதும். நீள அலகு நீள வில்லங்கம்."

அந்த வில்லங்கத்தை நீங்களும் அறிவீர்கள். அலகு நுனியின் மேல்பக்கம் எதிலாவது முட்டினால் மெசின் முகத்துக்கு நேரே எகிறும். முன்பிடியிலுள்ள தடுப்பு சங்கிலியை உடனே நிறுத்தும் என்றாலும், நுனி எங்கே நிற்கிறது என்பது கண்ணுக்குத் தெரிய வேண்டும்.

இங்கே சொந்த விறகு அரிய உரிமம் கேட்க மாட்டார்கள். உடுப்பைத்தான் கேட்பார்கள். கண்மறைப்பும் காதுமூடியும் கொண்ட தலைக்கவசம், பூட்ஸ், எல்லாவற்றுக்கும் மேலே ஒரு காற்சட்டை. அதன் உள்ளே நீள நீளமான நார் படை படையாக வைத்துத் தைத்திருக்கும். சங்கிலி பட்டால் நார் கும்பலாக வெளியே வந்து பல்சக்கரத்தில் சுற்றி மெசினை இறுக்கிவிடும். முதலாம் வகுப்புக் காற்சட்டை நொடிக்கு 20 மீற்றர் வேகத்தில் ஓடுகிற சங்கிலிக்குச் சோதிக்கப்பட்டது. இவ்வளவையும் போட்டுக்கொண்டு படியிறங்கினால் உங்கள் தங்கச்சி, "விறகுக்குப் போறியளோ, சந்திரனுக்குப் போறியளோ?" என்கிறாள். ஆனால் உடுப்பு வாங்கக் காசு தந்தது அவள்தான். மெசினுக்குத் தரவில்லை.

தொடங்க முன் ஒரு சோதனை உண்டு. அலகு நுனியை வெண்பனிக்குக் கிட்டப் பிடித்து மெசினை ஓடவிட வேண்டும். சங்கிலிக்கு எண்ணெய் போகிறதென்றால் பனியில் மெல்லிய மஞ்சள் கோடு விழும். கோடு விழாவிட்டால் அரியக் கூடாது. பிறகு மரத்தில் வைத்தால், விழுகிறது சீவலா தூளா என்று பார்க்க வேண்டும். சீவலாக விழுந்தால் பல் கூர். மாவாகக் கொட்டினால் மொட்டை. மொட்டைச் சங்கிலியோடு 70 சிசியும் மல்லுக்கட்டும். கூர்ச் சங்கிலி பூட்டின என் சின்ன மெசின் பேர்ச்சை ஒரு மூச்சில் அரிந்து தள்ளும். கிழவர் அரிகிற நேரத்தைவிட அராவுகிற நேரம் கூட. ஏனென்று இப்போது விளங்குகிறது.

அதனால்தான் அத்தான், மெசின் அனுப்புகிற யோசனையை விட்டுவிடுங்கள். 2017-இல் இலங்கையில் செயின்சோ வைத்திருந்தவர்களையெல்லாம் பொலிஸில் பதியச் சொன்ன கூத்து என்னைவிட உங்களுக்கு நல்லாய்த் தெரியும். பார்சலில் வருகிற மெசினுக்கு யார் பதில் சொல்வது? உங்களிடம் நிற்கிறதே போதும், அதற்கு நல்ல வட்ட அரம்தான் இல்லை என்று போன மாதம் நீங்களே புறுபுறுத்தீர்கள். அலகின் அடிப்பக்கத்தில் சங்கிலியின் அளவு பொறித்திருக்கும். எண்ணெயைத் துடைத்துவிட்டுப் பாருங்கள். 0.325 என்றால் 4.8 மில்லிமீற்றர் அரம், எட்டில் மூன்று என்று இருந்தால் சங்கிலி சின்ன வகையா பெரிய வகையா என்பதையும் எழுதுங்கள். சின்னதுக்கு 4 மில்லிமீற்றர், பெரியதுக்கு அதைவிடத் தடித்தது. பதில் வந்தவுடன் ஒரு டசின் அனுப்புகிறேன். சுங்கத்தில் கேட்டால், அரம் என்றே சொல்லுங்கள், நகம் அராவ என்று அக்காவைச் சொல்ல விடாதீர்கள்.

அம்மாவிடம், மகன் கூலிக்கு விறகு கொத்தவில்லை, கைக்காசு செலவழித்துத்தான் கொத்துகிறான் என்று சொல்லுங்கள். அதைக் கேட்டு அழுதால் அந்த அழுகையில் நியாயமிருக்கிறது.

இப்படிக்கு,
அன்பு மைத்துனன்