நான்கு பேருக்கு மேல் சண்டை போடக்கூடாது

சீரியலில் ஒரு மருமகள் நாத்தனாரை அறைந்தால் அவளுக்கு விழுவது ஓர் அடிதான். பார்க்கிற நமக்கு மூன்று. முன்னாலிருந்து ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, மேலேயிருந்து ஒன்று. அப்புறம் கூடத்தில் நிற்கும் பதினாலு பேரின் முகத்தையும் கேமரா ஒவ்வொன்றாக விசாரித்துவிட்டு வரும். முகத்துக்கு ஓர் இடி. அடி வாங்கியவள் கன்னத்தில் கை வைப்பதற்குள் விளம்பரம் வந்துவிடும்.

நான் திருத்தங்கல்காரி. எங்கள் தெருவில் விடிந்தால் பெண்கள் வேன் ஏறுவது பயர் ஆபீசுக்கு, அதாவது பட்டாசு ஆலைக்கு. இல்லையென்றால் தீப்பெட்டி ஆபீசுக்கு. பகலெல்லாம் வெடிமருந்தோடு இருந்துவிட்டு ராத்திரி இந்தச் சண்டைகளைப் பார்க்கிறவர்கள். என் அம்மா சீரியல் பார்ப்பது, ஒரு கொத்தனார் இன்னொருத்தர் கட்டிய சுவரைப் பார்ப்பது மாதிரி. “என்னத்தப் புகையவிட்டு என்ன, திரியே இல்லையே” என்பாள். அந்தச் சண்டைக்குக் காரணமே இல்லை என்று அர்த்தம்.

அவளுக்கு விதிமுறை தெரியும். பயர் ஆபீசில் மருந்து புழங்கும் அறையில் நான்கு பேருக்கு மேல் இருக்கக்கூடாது. கட்டுவது பருத்திச் சேலையாக இருக்க வேண்டும். நைலான் வகையறா ஆகாது. செல்போன் வாசலோடு சரி. எதையும் இழுக்கக்கூடாது, தட்டக்கூடாது, தொப்பென்று போடக்கூடாது. ஒவ்வொரு விதிக்குப் பின்னாலும் போன உயிர்கள் இருக்கின்றன. அதனால் அதை வைத்து யாரும் விளையாடுவதில்லை.

இதே விதிகளோடு ஓர் அதிகாரி சீரியல் செட்டுக்குள் போனால் என்ன ஆகும் என்று நான் அடிக்கடி நினைப்பேன். கூடத்தில் நிற்கும் பதினாலு பேரில் பத்துப் பேர் உடனே வெளியே போக வேண்டியிருக்கும். தூங்கும்போதும் ஜிகினா ஷிபானில் இருக்கும் வில்லி வாசலிலேயே நிறுத்தப்படுவாள். செல்போனைப் பிடுங்கி வைத்துவிட்டால் கதையே கிடையாது; ஒளிந்து நின்று வீடியோ எடுக்க நாத்தனாருக்கு வழியில்லை. பட்டாசுச் சத்தம் வெடிக்கும் இடத்திலிருந்து 4 மீட்டரில் 125 டெசிபலைத் தாண்டக்கூடாது என்று சட்டம் இருக்கிறது. மாமியார் திரும்பிப் பார்ப்பதற்குப் போடும் பின்னணி இசைக்கு அப்படி ஒன்றும் இல்லை. 2018-ல் உச்ச நீதிமன்றம் சரவெடிக்குத் தடை போட்டது. வெடிக்க இரண்டு மணி நேரம்தான் என்றது. சீரியல் சரவெடியோ திங்கள் முதல் சனி வரை நிற்காமல் வெடிக்கிறது.

சினிமாவும் யோக்கியமில்லை. எஸ்.எஸ். வாசனின் ‘வஞ்சிக்கோட்டை வாலிப’னில் (1958) பத்மினியும் வைஜயந்திமாலாவும் போட்டி போட்டு ஆடினார்கள், பி.எஸ். வீரப்பா உட்கார்ந்த இடத்திலிருந்து சபாஷ் போட்டார். பெண்கள் மோதினால் மார்க் போட ஓர் ஆண் வேண்டும் என்பது அதோடு சட்டமாகிவிட்டது. 41 வருஷம் கழித்து ‘படையப்பா’வில் (1999) ஆட்டம் போய் முறைப்பு வந்தது, மோதலுக்குக் காரணமும் ஓர் ஆண்பிள்ளைதான். அவன் கிடைக்கவில்லை என்று வில்லி நீலாம்பரி 18 வருஷம் அறைக்கதவைச் சாத்திக்கொள்கிறாள். எங்கள் தெருவில் அந்த வசதி யாருக்கு இருக்கிறது? சனிக்கிழமைக் கூலி போய்விடுமே. ‘வாணி ராணி’ (2013–2018) சீரியலில் முட்டிக்கொண்ட இரட்டைச் சகோதரிகள் இரண்டு பேருமே ராதிகா. அதிலாவது ஓர் ஆள் கூலி மிச்சம்.

சண்டை தெரிந்த பெண் எங்கள் மாவட்டத்திலிருந்து போகாமலில்லை. விருதுநகர் பக்கத்துச் சென்னல்குடியில் பிறந்த எஸ்.என். லட்சுமி, எம்.ஜி.ஆரின் ‘பாக்தாத் திருட’னில் (1960) டூப் இல்லாமல் சிறுத்தையோடு மோதியவர். அப்படிப்பட்டவருக்கு சினிமா கொடுத்தது என்ன? ‘சர்வர் சுந்தர’த்தில் நாகேஷுக்கு அம்மா வேஷம், அப்புறம் காலமெல்லாம் பாட்டி வேஷம். கமலின் ‘மைக்கேல் மதன காமராஜ’னில் கையில் கிடைத்ததைச் சுருட்டும் பாட்டியாக வந்து அத்தனை பேரையும் ஓரங்கட்டினார். சிறுத்தையைப் பார்த்தவருக்குக் கமல் எம்மாத்திரம்!

நிஜச் சண்டை எப்படி இருக்கும் என்று அம்மாவைக் கேளுங்கள். அவளும் எங்கள் மதினியும் ஒரே அறையில் வேலை பார்த்தார்கள். அம்மா முடித்த சரக்கில் கொஞ்சம் மதினி பேரில் பதிவாகிவிட்டது. பீஸ் ரேட்டில் அது கொலைக்குற்றம். ஆனால் அந்த அறையில் குரல் உயர்த்த முடியாது, எதையும் எறிய முடியாது. எனவே பேச்சு நின்றது. எல்லாம் நடுவில் உட்கார்ந்திருந்த சித்தி மூலமாகத்தான்.

“சித்தி, திரி வேணுமான்னு கேளுங்க.”

“எண்ணித் தரச் சொல்லுங்க சித்தி. பெறகு கொறையுதும்பாங்க.”

“கொறைஞ்சா யாரு பேருல ஏறும்னு அவுகளுக்குத் தெரியாதாக்கும்?”

மூன்று பேரும் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தார்கள். யாரும் கையை நிறுத்தவில்லை. இந்தக் காட்சியில் கேமராவுக்கு ஒரு வேலையும் இல்லை. அதனால்தான் எந்த டைரக்டரும் இதை எடுப்பதில்லை.

தீபாவளி நெருங்கியது. போனஸ் பட்டுவாடாவில் கணக்கப்பிள்ளை எல்லோருக்கும் கொஞ்சம் கொஞ்சம் குறைத்திருந்தார். அம்மா முன்னால் போய் ஒரு வாக்கியத்தை ஆரம்பித்தாள். அதை முடித்தது மதினி. அடுத்ததை மதினி ஆரம்பிக்க, அம்மா முடித்தாள். இரண்டு பேரும் ஒருவரையொருவர் ஒரு தடவைகூடப் பார்த்துக்கொள்ளவில்லை. சபாஷ் போட அங்கே ஆள் இல்லை. கணக்கப்பிள்ளை மட்டும் நோட்டைத் திரும்ப விரித்தார். விட்டுப்போன பணம் வந்தது.

வேனில் ஏறியதும் பழையபடி பேச்சில்லை. கொஞ்ச தூரம் போன பிறகு மதினி ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு, “அவுகளுக்குக் கணக்குச் சரியா வந்துருச்சான்னு கேளுங்க சித்தி” என்றாளாம்.

சித்தி முந்தின நிறுத்தத்திலேயே இறங்கிவிட்டிருந்தாள்.