பேதிக்குக் கொடுத்த காலம்

பெரிய லீவு விட்டதும் எங்கள் வீட்டில் முதல் சடங்கு, பிள்ளைகளுக்குப் பேதிக்குக் கொடுப்பது. விடியும் முன்பே ஆச்சி விளக்கெண்ணெய்க் கிண்ணத்தோடு வந்து நிற்பாள். மூக்கைப் பிடித்து ஊற்றி, குமட்டாமலிருக்க நாக்கில் ஒரு கல் உப்பு வைப்பாள். மத்தியானம் வரை புறவாசலுக்கும் திண்ணைக்குமாக நடை, அப்புறம் ரசஞ்சோறு. "கசடெல்லாம் போச்சுல்லா, இனி தெம்பா இருப்பே" என்பாள்.

அந்தக் கசடில் யார் யார் போனார்கள் என்று பிற்பாடுதான் கணக்கெடுத்தார்கள். ஓர் ஆள் உடம்பில் மனித செல்கள் சுமார் 30 லட்சம் கோடி. பாக்டீரியாக்கள் சுமார் 38 லட்சம் கோடி. இது 2016-ல் வந்த கணக்கு. அதுவரை ஒன்றுக்குப் பத்து என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். எப்படியானாலும் சொந்த உடம்பின் வாக்காளர் பட்டியலில் நாம் சிறுபான்மைதான். பெரும்பான்மையினர் வசிப்பது பெருங்குடலில். நமக்குச் செரிக்காத நார்ச்சத்தைப் புளிக்கவைத்து பியூட்டிரேட் என்ற அமிலமாக்கி, குடல் சுவரின் செல்களுக்கு அவர்கள்தான் தீனி போடுகிறார்கள்.

எங்கள் வீட்டில் அவர்களுக்குக் காலைத் தீனி பழைய சோறு. ஆனால் பள்ளிக்கூடத்தில் "காலையில என்ன சாப்பிட்டே?" என்று டீச்சர் கேட்டால் இட்லி என்போம். வாயில் அடிக்கும் சின்ன வெங்காயம் பழையதைக் காட்டிக்கொடுத்துவிடும். இன்று அதே பழையது ஓட்டலில் மண்சட்டியில் வருகிறது, மோர் மிளகாய்க்குத் தனி விலை. சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் குடல் அழற்சிக்கு அது உதவுமா என்று ஆராயவே புறப்பட்டார்கள். அதற்குள் எங்கள் குடும்ப வாட்ஸப்பில் சித்தப்பா அதை வைத்துச் சர்க்கரையையும் புற்றுநோயையும் தீர்த்துவிட்டார். நான் பழையதை ருசிக்காகச் சாப்பிடுகிறவன். தவிர, அந்தக் காலத்துக் குடல் ஒன்றும் கோயில் இல்லை. ஆச்சிக்கே இரண்டு பிள்ளைகள் வயிற்றுப்போக்கில் போயின.

பிறகு மாத்திரைக் காலம் வந்தது. தும்மினால் போதும், மருந்துக்கடைக்காரரே ஆன்டிபயாட்டிக் பட்டையைக் கத்தரித்து நீட்டுவார். நல்லது கெட்டது பாராமல் அது குடலைக் காலி செய்துவிட்டால், அந்த இடத்தில் 'கிளாஸ்ட்ரிடியாய்ட்ஸ் டிஃபிசில்' என்ற போக்கிரி பட்டா போட்டுக்கொள்ளும். விடாத பேதி, திரும்பத் திரும்ப. அதற்கு நெதர்லாந்துக்காரர்கள் ஒரு வைத்தியம் செய்து 2013-ல் வெளியிட்டார்கள்: ஆரோக்கியமான ஒருவரின் மலத்தைக் கரைத்து, வடிகட்டி, மூக்கு வழியே குழாய் விட்டுச் சிறுகுடலில் இறக்குவது. 16 பேரில் 15 பேருக்குக் குணம். வான்கோமைசின் என்ற ஆன்டிபயாட்டிக் மட்டும் கொடுத்த 13 பேரில் தேறியது 4 பேர். வித்தியாசம் அப்பட்டமாகத் தெரிந்ததால் ஆய்வைப் பாதியிலேயே முடித்துக்கொண்டார்கள். 2023-ல் அமெரிக்கா இதை மாத்திரையாகவே அனுமதித்துவிட்டது. அன்று மூக்கைப் பிடித்து வெளியேற்றினார்கள். இன்று மூக்கு வழியாகவே குடியேற்றம்.

பாஸ்டன் பக்கம் ஒரு மல வங்கியில் தானம் தருபவருக்குத் தடவைக்கு 40 டாலர் கொடுத்தார்கள். ஆசைப்பட்டு வந்தவர்களில் நூற்றுக்கு மூன்று பேர் தேறினால் அதிகம். அத்தனை ரத்தப் பரிசோதனை, அத்தனை கேள்வி. அண்மையில் ஆன்டிபயாட்டிக் சாப்பிட்டவர்களுக்கு வாசலோடு சரி. போன மாதம்தான் பல் பிடுங்கி ஐந்து நாள் மாத்திரை போட்டேன்.