வந்த காரியத்தைக் கச்சிதமாக முடித்தவர்கள்

கொச்சியின் மட்டாஞ்சேரிக்குக் கடல்வழியாக வந்தவர்களின் கதை நீளமானது. 1555 வாக்கில் போர்ச்சுகீசியர் கொச்சி ராஜாவுக்கு ஓர் அரண்மனை கட்டிக் கொடுத்தார்கள். பக்கத்துக் கோயில் ஒன்றைக் கொள்ளையடித்துவிட்டு, அந்தக் கோபத்தைத் தணிக்கத்தான் இந்தப் பரிசு என்று இங்கே சொல்வார்கள். 1663இல் ஊரைப் பிடித்த டச்சுக்காரர் அதைப் பழுதுபார்த்ததோடு சரி, பெயர் டச்சு அரண்மனை ஆகிவிட்டது. 1795இல் வெள்ளைக்காரன் வந்தான். எல்லார் கண்ணும் மிளகு மேல்தான். இந்த வரிசையில் ஒரு மணி மிளகுகூடக் கேட்காமல் வந்தவர்கள் நார்வேக்காரர்கள். ஆகவே இந்தப் பாராட்டு அவர்களுக்கு.

1952 அக்டோபர் 17. இந்தியா, நார்வே, ஐக்கிய நாடுகள் சபை மூன்றும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. நார்வே அரசு வெளிநாட்டு உதவி என்று எடுத்துச் செய்த முதல் திட்டம் அது: இந்தோ-நார்வே மீன்வளத் திட்டம். மறு வருடமே கொல்லத்துக்குப் பக்கத்தில் நீண்டகரையிலும் சக்திகுளங்கரையிலும் வேலை தொடங்கியது. 1963இல் தலைமையிடம் எறணாகுளத்துக்கு மாறியது. மட்டாஞ்சேரியிலிருந்து படகேறி, வெல்லிங்டன் தீவைத் தாண்டி அக்கரை சேர்ந்தால் ஃபோர்ஷோர் சாலை. அங்கேதான் அவர்கள் விட்டுப்போன நிறுவனம், பெயர் இரண்டு முறை மாறி, இன்றும் நடக்கிறது.

அவர்கள் எழுதிவைத்த குறிக்கோள்கள் நான்கு. மீனவரின் வருமானம் உயரவேண்டும். புதுமீன் நல்லபடியாக மக்களுக்குப் போய்ச் சேரவேண்டும். மீனவக் குடும்பங்களின் ஆரோக்கியமும் சுகாதாரமும் மேம்படவேண்டும். திட்டப் பகுதி முழுவதும் வாழ்க்கைத்தரம் உயரவேண்டும். இதைவிட யோக்கியமான நான்கு வரிகளை எந்தத் திட்ட அறிக்கையிலும் பார்ப்பது கடினம். எழுதியதோடு நிற்கவும் இல்லை. மருத்துவமனை கட்டினார்கள், குழாயில் குடிநீர் கொண்டுவந்தார்கள், ஐஸ் ஆலை போட்டார்கள். அந்தத் தண்ணீரைக் குடித்த குழந்தைகள் பிழைத்தார்கள். அந்த நன்றியை நான் குறைத்துப் பேச மாட்டேன்.

தொழிலிலும் அவர்கள் கெட்டிக்காரர்கள். முதலில் நம் வள்ளங்களிலேயே எஞ்சின் பொருத்திப் பார்த்தார்கள். சரிப்பட்டு வரவில்லை. முரண்டு பிடிக்காமல் அதைக் கைவிட்டு, 22 அடி, 25 அடியில் புதுப் படகு வடிவங்கள் செய்தார்கள். அலை அடிக்கும் மணல்கரையில் அந்தப் படகை இழுத்து ஏற்ற முடியாது, துறைமுகம் வேண்டும். அஷ்டமுடிக் காயல் கடலில் கலக்கும் நீண்டகரைக்கு அது இயற்கையாகவே வாய்த்திருந்தது. கேரளக் கடற்கரையில் மீதி இருந்த நூற்றுக்கணக்கான மணல்துறைகளுக்கு வாய்க்கவில்லை. கட்டுமரமும் வள்ளமும் வைத்திருந்தவர்கள் அந்தத் துறைகளில்தான் இருந்தார்கள்.

பிறகு இழுவை வலை வந்தது. கடலடியில் கிடந்த கரிக்காடி இறால் மேலே வந்தது. அதுவரை உலர்த்தி விற்றதும் தென்னைக்கு உரமாகப் போட்டதுமான இறாலுக்கு அமெரிக்காவிலும் ஜப்பானிலும் டாலர் விலை இருந்தது. 1953லேயே கொச்சியிலிருந்து உறைந்த இறால் அமெரிக்காவுக்குக் கப்பலேறிவிட்டது. மத்தியும் அயிலையும் உள்ளூர்ச் சட்டிக்கு வரவேண்டும் என்று தொடங்கிய திட்டத்தின் படகுகள் இறாலைத் தேடி ஓடின. படகை ஓட்டத் தெரிந்தவனைவிடப் படகை வாங்கப் பணம் வைத்திருந்தவனுக்கு அதில் லாபம் என்று கடலில் கால் நனைக்காதவர்களும் கண்டுகொண்டார்கள். படகு நன்றாக ஓடியதால், ஐஸ் ஆலை நின்றுபோகாததால், வலை கிழியாததால்தான் இதெல்லாம் நடந்தது. அரைகுறை நிபுணர்கள் வந்திருந்தால் எஞ்சின் துருப்பிடித்திருக்கும், கடல் பிழைத்திருக்கும். வந்தவர்கள் முழுத் திறமைசாலிகள்.

இறால் எங்கே போய் முடிந்தது என்று பார்க்க மட்டாஞ்சேரியிலிருந்து தோப்பும்படிப் பக்கம் போனால் போதும். இறால் உரிக்கும் கொட்டகைகளில் பெண்கள் உட்கார்ந்திருப்பார்கள். ஐஸ் தண்ணீரில் கிடக்கும் இறாலை எடுத்து, தலையைத் திருகி, ஓட்டை உரித்து, முதுகை நகத்தால் கீறி, கறுப்பு நரம்பை உருவிப் போடுவார்கள். ஒரு பேசின் இறாலுக்கு இவ்வளவு என்று கூலி. ஐஸும் இறால் சாறும் சேர்ந்து விரல் நுனித் தோல் வெளுத்து உரிந்திருக்கும். சாப்பாட்டு வேளையில் அந்த விரல்களால் சோற்றைப் பிசைவதே எரிச்சல். பெண்களுக்கு ரொக்கக் கூலி கிடைத்ததும் இதே தொழிலால்தான். சக்திகுளங்கரைப் பெண்களைப் பற்றி ஆய்வாளர் லீலா குலாத்தி 1984இல் அக்கறையோடு எழுதியிருக்கிறார்.

நார்வேக்காரர்களை நான் மிக உயர்வாக மதிப்பது அவர்கள் சொந்த ஊரில் செய்த வேலைக்காக. தங்கள் கரையோர மீனவரை அவர்கள் கண்ணும் கருத்துமாகக் காத்தார்கள். 1936இலேயே சட்டம் போட்டு இழுவைப்படகுகளைக் கட்டுப்படுத்தினார்கள். 1938இல் இன்னொரு சட்டம்: பிடித்த மீனின் முதல் விற்பனை மீனவரின் சொந்த அமைப்புகள் வழியாகத்தான் நடக்கவேண்டும், விலையைச் சொல்வது அந்த அமைப்பு. உலக மீனவருக்குக் கிடைத்த மிகச் சிறந்த சட்டங்களில் அது ஒன்று. அந்தச் சட்டத்தின் நிழலில் வளர்ந்த நிபுணர்கள் எஞ்சினையும் வலையையும் ஐஸ் இயந்திரத்தையும் பெட்டியில் அடுக்கிக் கொண்டுவந்தார்கள். எடை கூடாத இரண்டு பொருள், அந்த இரண்டு சட்டங்கள், பெட்டியில் இல்லை. நம் துறைகளில் விலையைச் சொன்னவர் தரகர். மீனவன் ஏற்கெனவே அவரிடம் கடன்பட்டிருந்தான்.

நேர்மையிலும் குறையில்லை. அவர்கள் நாட்டு மானிடவியலாளர் ஆர்னே மார்ட்டின் கிளவுசன் இந்தக் கிராமங்களை ஆராய்ந்து, திட்டம் எங்கே பிசகியது என்று 1968இல் புத்தகமாகவே எழுதினார். சக்திகுளங்கரை முன்னேறிய அளவுக்குப் புத்தன்துறை முன்னேறவில்லை. சாதியும் மதமும் ஊர்க்கட்டுப்பாடும் வேறுபட்ட இரு கிராமங்களில் ஒரே படகு ஒரே பலனைத் தராது என்று காட்டினார். அந்த வருடம்தான் நார்வேயின் உதவி நிறுவனமான நோராடு பிறந்தது. உதவி செய்வது எப்படி என்று அவர்கள் கற்றுக்கொண்ட பள்ளிக்கூடம் நம் கரை. பாடத்தைக் கவனமாகப் படித்தார்கள். தேர்வுக் கட்டணம் கட்டியது வள்ளக்காரர்கள்.

கட்டணம் எவ்வளவு என்பது பிறகு தெரிந்தது. 1970களின் பின்பாதியில் கரையோரத்தில் மீன் குறைந்து, வள்ளக்காரருக்கும் இழுவைப்படகுக்காரருக்கும் கடலிலேயே மோதல். படகுகள் எரிந்தன. 1980இல் கேரளம் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் கொண்டுவந்தது. தாமஸ் கோச்சேரி போன்ற பாதிரியார்களும் கன்னியாஸ்திரீகளும் மீனவரோடு உண்ணாவிரதம் உட்கார்ந்தார்கள். பாபு பால், கலாவர் என்று இரண்டு குழுக்கள் அடுத்தடுத்து ஆராய்ந்த பிறகு 1988இல்தான் மழைக்கால இழுவைத் தடை வந்தது. இப்போது அது 52 நாள். தமிழ்நாட்டில் நம் மண்டபத்திலும் இந்த நார்வேத் திட்டத்துக்குக் கிளை இருந்தது. பாக் நீரிணையில் இழுவைமடி செய்த வேலையை இராமேசுவரத்திலும் யாழ்ப்பாணத்திலும் கேட்டுக்கொள்ளலாம். இலங்கை 2017இல் அதைச் சட்டம் போட்டே தடுத்தது. அந்தப் பழியில் பெரும்பங்கு நம் அரசுகளுக்கும் நம் முதலாளிகளுக்கும் உரியது.

நார்வேக்காரர்கள் 1972இல் எல்லாவற்றையும் முறைப்படி ஒப்படைத்துவிட்டுக் கிளம்பினார்கள். கணக்கு சரியாக இருந்தது. படகுகள் எரிந்தபோது அவர்கள் இங்கே இல்லை.

இன்று டாக்காவுக்கும் நைரோபிக்கும் இதே வேலைக்கு நம் பிள்ளைகள் போகிறார்கள். நன்றாகப் படித்தவர்கள், நல்ல மனசுக்காரர்கள், நார்வேக்காரர்களுக்குச் சளைக்காத திறமைசாலிகள். அவர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. திட்டத்தில் கையெழுத்துப் போடும் முன், அந்த ஊர்க்காரன் உழைத்து எடுக்கும் பொருளுக்கு விலை சொல்லப்போவது யார் என்று கேளுங்கள். பதில் கிடைக்காத இடத்தில் இயந்திரத்தை இறக்காதீர்கள்.