ஷேர் ஆட்டோவில் ஆள் சேர்தல்: செங்கல்பட்டு – மாமல்லபுரம் தடத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

செங்கல்பட்டு ரயில் நிலையத்துக்கு வெளியே நிற்கும் ஷேர் ஆட்டோ எத்தனை மணிக்குக் கிளம்பும் என்று வினவுவது ஆராய்ச்சியாளருக்கு அழகன்று. "ஆள் சேர்ந்தா எடுத்துடலாம் சார்" என்பதே நிலைபெற்ற விடை. இவ்விடைக்குள் அடங்கிய கணிதத்தைத் தகவல் தொடர்புத் துறையார் ஸ்டாட்டிஸ்டிகல் மல்டிபிளெக்சிங் என்பர். யாருக்கும் தனியிடம் ஒதுக்காமல், ஒரே கம்பியில் பலருடைய தரவையும் ஏற்றி அனுப்பும் கலை அது. கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்து ஏர்லாங் 1909இலும், எம்.ஐ.டி.யின் கிளைன்ராக் 1960களின் தொடக்கத்திலும் இதற்கு வேண்டிய கணக்குகளைப் போட்டனர். இருவரும் ஷேர் ஆட்டோவைப் பார்க்காமலே போட்டனர் என்பது கருதத்தக்கது.

இதற்கு முந்தைய முறை காலப் பங்கீடு. ஆளுக்கொரு நேரம் ஒதுக்கப்படும். பேசினாலும் பேசாவிட்டாலும் அந்த நேரம் அவருக்கே. சான்று, வழியிலேயே திருக்கழுக்குன்றத்தில் உண்டு. மலைமேல் உச்சிவேளையில் இரண்டு கழுகுகள் அமுதுண்ண வந்துகொண்டிருந்தன. அவை வராமற்போய் ஆண்டுகள் பல. உச்சிவேளை மட்டும் நாள் தவறாமல் வருகிறது. அதை வேறு பறவைக்கு மாற்றிக் கொடுத்ததாகத் தகவல் இல்லை.

ஷேர் ஆட்டோவிலோ இடம் யாருக்கும் சொந்தமன்று. அதனால்தான் ஏறும்போதே இறங்குமிடத்தைச் சொல்ல வேண்டியிருக்கிறது. காலப் பங்கீட்டில் முறையை வைத்தே தரவு யாருடையது எனக் கண்டுகொள்ளலாம். இங்கே பாக்கெட் எனப்படும் ஒவ்வொரு தரவுத் துண்டும் விலாசத்தைத் தானே சுமந்துவர வேண்டும்.

பத்துப் பேர், ஒவ்வொருவரும் பத்தில் ஒரு பங்கு நேரமே வண்டி தேடுவர், ஒருவர் புறப்பாட்டுக்கும் இன்னொருவர் புறப்பாட்டுக்கும் தொடர்பில்லை எனக் கொள்க. 98.7 விழுக்காடு நேரம் மூவருக்கு மேல் சேர்ந்து வரமாட்டார்கள். ஆக, பத்துப் பேருக்கு மூன்றே இடம் போதும். எஞ்சிய 1.3 விழுக்காட்டில் வருபவர் ஸ்டாண்டில் நிற்பார்; மல்டிபிளெக்சரில் அந்த ஸ்டாண்டுக்கு பஃபர் என்று பெயர். பஃபரும் நிரம்பினால் பாக்கெட் கைவிடப்படும். கைவிடப்பட்ட பாக்கெட் முணுமுணுத்துக்கொண்டே பஸ் நிலையத்துக்கு நடக்கும்.

அற்றேல், மல்டிபிளெக்சர் கம்பி காலியானதும் ஒற்றைப் பாக்கெட்டையும் அனுப்பிவிடுமே, ஷேர் ஆட்டோ ஒற்றை ஆளோடு கிளம்பாதே எனின், நல்ல ஆட்சேபம். இதற்கு 1984இல் ஜான் நேகிள் வழி செய்துவிட்டார். சிறு சிறு பாக்கெட்டாக வந்தால் உடனே அனுப்பாதே. முன்னர் போனது சேர்ந்ததாகப் பதில் வரும்வரை சேர்த்துவை என்றார். முன்னால் போன வண்டி திரும்பும்வரை பின்வண்டிக்காரர் டீக்கடையில் நிற்பது இவ்விதியின்பாற்பட்டதே.

"அம்மா, கொஞ்சம் நெருங்கி உக்காருங்க" என்பதற்கும் நூல் ஆதாரம் உண்டு. டிடிஎச் நிலையத்து மல்டிபிளெக்சர், கிரிக்கெட் ஓடும் சானலுக்குக் கூடுதல் இடம் தர, அசையாத முகங்கள் பேசிக்கொண்டிருக்கும் சானல்களை நெருக்கும். அங்கே படத்தின் தெளிவு குறையும். இங்கே மூட்டு வலிக்கும்.

இத்தனை கணக்கும் நிற்பது ஒற்றைக் காலில்: ஒருவர் கிளம்புவது மற்றவரைப் பொறுத்ததாக இருக்கக்கூடாது. மாசி மகத்தன்று அந்தக் கால் முறிகிறது. தமிழகத்தின் பல பகுதிகளிலிருந்தும் இருளர் குடும்பங்கள் மாமல்லபுரம் கடற்கரைக்கு வந்து கூடுகின்றன; கன்னியம்மனை வழிபட்டு, திருமணங்களும் நடத்துகின்றன. தனித்தனியே முடிவெடுத்து வந்தவர்கள் அல்லர். நிலாவைப் பார்த்து வந்தவர்கள். அன்று பத்துப் பேருக்கு மூன்று இடம் என்ற கணக்கைச் சொல்லிப் பார்க்கலாம், யாரும் கேட்க மாட்டார்கள். பத்துப் பேருக்குப் பத்து இடம் வேண்டும், அல்லது காத்திருக்க மணல் வேண்டும். மணலுக்குக் குறைவில்லை. "பின்னாடியே வண்டி வருது" என்ற அறிவிப்புக்கும் குறைவில்லை.